பன்னிரண்டு மணிக்குத் திருகியது யார்?

என் உயிரான அம்மாவுக்கு,

இந்த மாசியோடு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. படையலுக்கு வேண்டியதை வாங்க சித்தப்பா வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். அப்பா கட்டிலில் கண்ணயர்ந்திருக்கிறார். உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் ஒன்று, ஒப்புக்கொள்ள வேண்டியது. நீ எப்போதும் நான் பாதி சொல்லும்போதே "நீ இன்னா பண்ண, அத மொதல்ல சொல்லு" என்று கேட்டுவிடுவாய். இந்த முறை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே. பேசினாலும் பரவாயில்லை அம்மா, எப்படியாவது பேசு.

அப்பாவுக்குக் கால் முறிந்துவிட்டது. ஐப்பசி மழையில், சேதராப்பட்டு கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது வளைவில் ஒரு டிப்பர் லாரி இடித்துத் தள்ளிவிட்டது. தலைக்கு ஒன்றுமில்லை, ஹெல்மெட் போட்டிருந்தார். நீ திட்டித் திட்டி வரவழைத்த பழக்கம். ஆனால் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சில துண்டுகள் சாலைச் சேற்றிலேயே போய்விட்டன.

டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் புண்ணைக் கழுவி, காலுக்கு வெளியே நீளக் கம்பிகளை நிறுத்தி எலும்பைப் பிடித்துவைத்தார்கள். உள்ளேயே தகடு வைக்க முடியாதா என்று சித்தப்பா கேட்டார். இவ்வளவு அழுக்கு ஏறிய புண்ணுக்குள் இரும்பை வைத்தால் சீழ் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பிடிமானத்தை வெளியே வைத்திருக்கிறோம் என்றார் டாக்டர். புண் ஆறிய பிறகு இன்னொரு ஆபரேஷன். இந்த முறை வளையங்கள். காலைச் சுற்றி நாலு இரும்பு வளையம். ஒவ்வொன்றிலிருந்தும் சைக்கிள் கம்பி மாதிரி மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து, எலும்புக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வந்து மாட்டியிருக்கும். வளையங்களை இணைப்பதற்கு மரை போட்ட நாலு தண்டு. முதல்முறை பார்த்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பாதான், "இன்னா அண்ணே, காலுக்குச் சாரம் கட்டிட்டாங்க! சென்ட்ரிங் எப்ப?" என்று கேட்டு அப்பாவைச் சிரிக்கவைத்தார்.

அதில் ஓர் அதிசயம் இருக்கிறது அம்மா, கேள். அப்பாவின் எலும்பில் ஐந்து சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. என் சுண்டுவிரல் நீளம். அதை எங்கிருந்தும் வாங்கிவைக்க முடியாது. அதனால் மேலே நன்றாக இருக்கிற எலும்பைக் குறுக்கே வெட்டி, அந்தத் துண்டை ஒரு வளையத்தோடு சேர்த்து மெதுவாகக் கீழே இழுக்கிறார்கள். அது நகர நகர, பின்னால் விட்டுப்போகிற இடைவெளியில் புது எலும்பு ஊறிவருகிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர். வேகமாக இழுத்தால் புது எலும்பு ஊறாது. மெதுவாக இழுத்தால் பாதியிலேயே இறுகிப்போய் அப்புறம் நகராது. "எலும்பை அவசரப்படுத்தவும் கூடாது, காக்க வைக்கவும் கூடாது" என்றார் டாக்டர். எங்கள் உயிரியல் புத்தகத்தில் எலும்புக்கு ஆறு பக்கம் இருக்கிறது. அதில் இது ஒரு வரிகூட இல்லை.

இழுக்கிற வேலை எங்களுடையது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன ஸ்பேனர் கொடுத்தார்கள். பத்தாம் நம்பர்தான், ஆனால் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். வண்டிப் பெட்டியில் இருக்கிற தடித்த ஸ்பேனர் வளையத்துக்கும் நட்டுக்கும் நடுவே நுழையாது. காலை ஆறு மணி, மத்தியானம் பன்னிரண்டு, மாலை ஆறு, படுக்கப் போகும் முன். ஒவ்வொரு முறையும் நாலு நட்டையும் கால் சுற்று. நான் ஒவ்வொரு நட்டிலும் ஒரு பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி வைத்தேன், திருகியது கண்ணுக்குத் தெரியட்டும் என்று. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, திருகியதும் டிக் செய்வேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "யாரு இது, இன்ஜினியரா?" என்று கேட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பள்ளி நாட்களில் பன்னிரண்டு மணித் திருகல் சித்தப்பாவின் பொறுப்பு. பொங்கல் வரைக்கும் ஒழுங்காக வந்தார். பொங்கல் முடிந்ததும் அவர் வயலில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. ஆலைக்கு வண்டி போகிற நேரத்தில் அவரால் நகர முடியவில்லை.

"நானே திருவிக்கறேன் பாப்பா. நீ ஸ்கூலுக்குப் போ" என்றார் அப்பா.

அங்கேதான் என் சந்தேகம் ஆரம்பித்தது.

தப்பு நடந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். எல்லாம் மிகச் சரியாக நடந்திருந்தது. நாலரை மணிக்கு வந்து பார்த்தால் நாலு சிவப்புப் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். முன்பக்கம் இரண்டு நட்டு, சரி. ஆடுசதைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு? அப்பாவுக்கு முட்டி மடங்காது. நான் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டியை மடக்காமல் குனிந்து பார்த்தேன். கையை வளைத்தால் தொட முடிகிறது. பார்க்க முடியவில்லை. பார்க்காமல் எப்படி அச்சு அசலாகக் கால் சுற்று? கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பாரோ என்றால், இருக்கிற ஒரே கண்ணாடி சமையலறைச் சுவரில் ஆணியடித்து இருக்கிறது.

கம்பி தோலுக்குள் போகிற இடங்களில் உப்புத்தண்ணீரால் துடைத்துப் பஞ்சுத்துணி சுற்ற வேண்டும். நான் சுற்றினால் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். மத்தியானம் சுற்றப்பட்டவை துணியின் நடுவில் ஒரு கீறல் போட்டு, பனியன் கழுத்தைப் போலக் கம்பியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. சனி, ஞாயிறுகளில் மட்டும் அப்பா, "இன்னிக்கு நீ வூட்ல கீறியே, நீயே திருவு" என்பார். வாரநாள் வந்தால் மறுபடி பனியன் கழுத்து. பிறகு டம்ளர்கள். இரண்டு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்தபடி. அப்பா டம்ளரைக் கவிழ்த்து நீ பார்த்திருக்கிறாயா? ஒரு செவ்வாய்க்கிழமை முகம் மழித்திருந்தார். யார் பார்க்க?

"உனக்குப் பின்பக்க நட்டு எப்பிடிப்பா எட்டுது?"

"எட்டுது."

"எப்பிடி?"

"இன்னாடி போலீசு மாதிரி கேட்டுனு கீற? எட்டுதுன்னா எட்டுது."

அவர் பொய் சொல்லும்போது வேட்டி நுனியை முறுக்குவார். அது உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு நுனி சுருங்கிக் கயிறாகிவிட்டது.

எதிர்வீட்டு லட்சுமி அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாப்பா, உங்க வூட்டுக்கு மத்தியானத்துல நர்சம்மா வராங்களா?"

"இல்லியே அக்கா."

"அப்ப யாரு அது, தெனம் பன்னெண்டு அடிச்சா கம்பெனி டிரஸ் போட்டுனு ஒரு பொம்பள? நர்சு இல்லன்னா வுடு. எனக்கின்னா."

எனக்கின்னா என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. என் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதற்காக நின்றார். நான் தண்ணீர் நிரம்பாத குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ கட்டில் விரிப்பை எந்தப் பக்கமாக மடிப்பாய், எந்த டப்பாவில் சர்க்கரை வைப்பாய், எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன் அம்மா. இரண்டு வருஷமாக ஒரு டப்பாவைக்கூட நகர்த்தவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருத்தி வந்து உட்காருகிறாள். எனக்குத் தெரியாமல். அப்பாவுக்குத் தெரிந்தே. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்டிருப்பாய், நேராக. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நான் ஸ்பேனரை ஒளித்துவைத்தேன்.

அதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. அதில் ஒரு பாதி.

காலை ஆறு மணித் திருகல் முடிந்ததும் ஸ்பேனரை என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டேன். ஸ்பேனர் இல்லாவிட்டால் அவள் வருவதற்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாவிட்டால் வர மாட்டாள். அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் வந்து, "ஐயோ அப்பா, மறந்து எடுத்துனு போயிட்டேன்" என்றேன். நாலரைக்கு மத்தியானத் திருகலைச் செய்து, ஆறு மணிக்கு அடுத்ததையும் செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு முறை இழுத்ததில் அப்பாவுக்கு வலி தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், சாப்பிடவில்லை.

அடுத்த நாளும் எடுத்துப் போனேன். இரண்டு திருகலைச் சேர்த்துச் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானத்தை விட்டுவிட்டேன். ஆனால் நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் டாக்டர் கேட்பாரே? டிக் போட்டேன். கால் மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு. அது ஒரு அளவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது. சனி, ஞாயிறு நான் வீட்டில் இருந்து ஒழுங்காகத் திருகினேன். அந்த முதல் நாளைச் சேர்க்காமல், மீதி பதினைந்து நாளில் ஒரு நாள்கூட மத்தியானத் திருகல் நடக்கவில்லை. நோட்டில் மட்டும் பதினைந்து டிக். அப்பா ஒருமுறைகூட "ஸ்பேனர் எங்கே" என்று கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏன் கேட்கவில்லை? டம்ளர்கள் மட்டும் கவிழ்ந்தே இருந்தன.

மூன்று வாரம் கழித்துப் படம் எடுக்கப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு என் நோட்டை வாங்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தார்.

"இந்த மூணு வாரத்துல இருபத்தொண்ணு வந்திருக்கணும். பதினேழுதான் வந்திருக்கு. திருகினதுல குறையில்ல, இந்தப் பொண்ணு ஒண்ணு விடாம எழுதியிருக்கு. அப்படின்னா புது எலும்பு சீக்கிரமே இறுகுது. நகர மாட்டேங்குது." அவர் அப்பாவின் தோளைத் தொட்டார். "மறுபடி வெட்டி விடணும் ஐயா. வெள்ளிக்கிழமை காலைலயே வந்து அட்மிட் ஆயிடுங்க, அன்னிக்கே பண்ணிடலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு, "சரி சார்" என்றார்.

நான் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன் அம்மா. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் புத்தி வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. நான் விட்டது வெறும் கால் கால் மில்லிமீட்டர். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு அது எப்படிக் காரணமாகும்? அவள்தான். அவள் முதல் வாரத்தில் நட்டை எதிர்ப்பக்கமாகத் திருகியிருப்பாள். தெரியாமலோ தெரிந்தோ. அப்பா ரொம்ப நாள் படுக்கையில் இருந்தால்தானே அவள் வந்துபோக முடியும்? எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தேன் பார். முதல் வாரம் முழுக்கச் சிவப்புப் புள்ளி சரியாக இருந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஸ்பேனரை வேண்டுமென்றே அலமாரியில் விட்டுவிட்டுப் போனேன். மத்தியான இடைவேளையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்து வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடது செருப்பின் குதிகால் தேய்ந்து காகிதமாக இருந்தது, வலதில் தேய்மானமே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. நாற்பது வயதிருக்கும், நீலக் கம்பெனிச் சட்டையும் பேண்ட்டும் போட்ட ஓர் அம்மா, கட்டிலின் கால்மாட்டில் நம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேன்டீன் சாம்பாரைப் பற்றி என்று நினைக்கிறேன்.

"உள்ள வா, இல்லாட்டி வெளிய நில்லு. நெலப்படியில நின்னு வெளிச்சத்த மறைக்காத" என்றார் அந்த அம்மா, திரும்பாமலேயே.

அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "இலக்கி! ஸ்கூலு?"

"இவங்க யாருப்பா?"

"மலரு. நம்ம கம்பெனி. பேக்கிங் செக்‌ஷன்." வேட்டி நுனியைத் தேடினார்.

"ஒரு நிமிசம் பேசாத இரு, பாப்பா. எண்ணினு கீறேன்" என்றார் மலர். நாலாவது நட்டைத் திருகி முடித்து, குனிந்து, சிவப்புப் புள்ளி எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "பரவால்ல, ஸ்பேனரு இன்னிக்கி வூட்டுலயே தங்கிடுச்சி. மூணு வாரமா காலைல காணாப் போவுதாம், சாயங்காலமானா வந்துடுதாம். எந்த ஸ்பேனருக்குக் காலு மொளச்சிதுன்னு நானும் கேட்டுனேதான் கீறேன்."

"அப்ப இந்த மூணு வாரமும் நீங்க வந்தீங்களா?"

"வந்தேன். நட்டு திருவ முடியல, பஞ்சாவது மாத்தலாம்னு."

என் திட்டம் தோற்றுப்போனதை டம்ளர்கள் முன்பே சொல்லியிருந்தன, அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். நான் நிறுத்தியது அவரை அல்ல, நட்டை மட்டும். ஆனாலும் விடவில்லை. நான் மனதில் எழுதிவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க எதிர்ப்பக்கம் திருவிட்டீங்களா? எலும்பு நகரலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்கு மறுபடி வெட்டப் போறாங்க."

மலர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வெட்டப் போறாங்களா? நோட்ட எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வைத்துக் கீழே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தா, இங்கருந்து இதுவரைக்கும். மத்தியானம் மத்தியானம் டிக் கீது. ஸ்பேனரு உன் பையில. நான் திருவல. உங்கப்பா கையால திருவ முடியாது." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப இதத் திருவுனது யாரு பாப்பா?"

இத்தனை நாளாக நான் மனதுக்குள் அப்பாவிடம் கேட்ட கேள்வி அது. என்னிடம் யாரும் கேட்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

"யாரும் திருவல. நான்தான் எழுதினேன்" என்றேன்.

"மலரு, வுடு" என்றார் அப்பா. "கொழந்த. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?" நானும் மலரும் சேர்ந்தே கேட்டோம்.

"மத்தியானம் இழுத்தா ஒரு வலி வரும். அது வரல. அப்பறம் தெரியாதா? இவ என்னமோ பயந்துனு கீறா, கேட்டா இன்னும் பயப்படுவான்னு வுட்டுட்டேன். ஆபரேசன்னா ஆபரேசன். போவட்டும்."

"இன்னா போவட்டும்?" மலருக்கு அப்போதுதான் கோபம் வந்தது, அப்பாவின் மேல். இடது பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்ன வட்டத் தழும்புகள், இந்தப் பக்கம் ஒன்று, நேர் எதிரில் ஒன்று, வரிசை வரிசையாக. நடுவில் இரண்டு நீளக் கோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறினமாதிரி. "கம்பெனி பஸ்சு கவுந்தப்ப. எனக்கும் இதே கூண்டுதான், பதினோரு மாசம். வூட்டுல யாரும் ஒழுங்கா திருவல. ஒருத்தி மறந்துட்டேம்பா, ஒருத்தன் நாளைக்குச் சேத்துத் திருவிக்கலாம்பான். எலும்பு இறுகி மறுபடி வெட்டுனாங்க. ரெண்டாவது வெட்டு இன்னான்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்கப்பா கூண்டு போட்டுனு கீறார்னு கேள்விப்பட்டேன், ஷிப்ட்டுக்குப் போறப்ப எறங்கிப் பாத்தேன். மத்தியானத்துக்கு ஆளு இல்லன்னாரு. அவ்ளோதான்."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அப்பா வேட்டி நுனியை விட்டுவிட்டு, "உங்கம்மா எடத்துல ஒரு டம்ளர நவுத்தினாக்கூட உனக்கு மொகம் மாறுது" என்றார்.

நான் அழுதேன் என்று எழுதமாட்டேன். உனக்குத் தெரியும்.

மலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கம்பெனி பஸ் ஒன்றேகாலுக்குக் கூட்ரோட்டில் நிற்கும். "நாளைக்குக் காலைல ஆபரேசன் தியேட்டரு. இன்னிக்கே போயி அந்த டாக்டருகிட்ட சொல்லணும்."

"நீங்களும் வரீங்களா?"

"நான் வந்தா, நான் சொல்லிக் கொடுத்து நீ சொன்னேன்னு ஆயிடும். நீ எழுதினத நீதான் அடிக்கணும்."

நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தனியாக டவுனுக்குப் போனது அதுதான் முதல்முறை. வார்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். என்னென்னவோ வாக்கியங்கள் தயாரித்தேன். "தவிர்க்க முடியாத காரணத்தினால்" என்றுகூட ஒன்று இருந்தது. டாக்டர் வந்ததும் அத்தனையும் போய்விட்டது. "சார், இதுல பதினஞ்சு டிக் பொய்" என்றேன்.

அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "எந்தெந்த நாள்? காட்டு."

சுவரில் நோட்டை வைத்து, அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் உதட்டுக்குள் கூட்டிக்கொண்டே வந்தார். பதினைந்து கால் மில்லிமீட்டர், நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தொன்றிலிருந்து அதைக் கழித்தால் பதினேழுதான் வருகிறது. எக்ஸ்ரேயில் இருந்த அதே பதினேழு.

"எலும்பு இறுகவே இல்ல. திருகின அளவுக்கு ஒழுங்கா நகர்ந்திருக்கு." அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நீ வரலன்னா நாளைக்கு நான் நல்லா இருக்கிற எலும்பைப் போய் வெட்டியிருப்பேன்."

அம்மா, அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் இல்லை. பத்து நாள் ஒரு திருகல்கூடத் தவறாமல் திருகிவிட்டு வரச் சொன்னார். அந்தப் பத்து நாளும் ஸ்பேனர் அலமாரியை விட்டு நகரவில்லை. மத்தியானக் கட்டத்தில் மலர் டிக் போடுவதில்லை. திருகி முடித்த நேரத்தை எழுதி, பக்கத்தில் "ம" என்று போடுகிறார். நேற்று முன்தினம் படம் எடுத்தார்கள். பத்து நாளில் பத்து மில்லிமீட்டர். டாக்டர் அளவுகோலை மேசையில் போட்டுவிட்டு, "காலை ஊன்றிப் பாருங்க" என்றார் அப்பாவிடம். வளையம் இன்னும் பல மாதம் இருக்குமாம், புது எலும்பு கெட்டிப்படும் வரை. ஆனால் கொஞ்சம் பாரம் கொடுத்தால்தான் அது கெட்டிப்படும்.

மலர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, அப்பா கூப்பிட்டிருக்க வேண்டும். இன்னும் எனக்குச் சந்தேகம்தான் அம்மா. நட்டுத் திருகவா வருகிறார், அதற்கு மட்டும்தானா? ஒரு நாள் நேராகவே கேட்டேன், உன்னைப் போல. "நீங்க எங்கப்பாவக் கட்டிக்கப் போறீங்களா?" என்று. சோற்றுக் கரண்டி அப்பா கையிலிருந்து விழுந்தது. மலர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்தப் பேச்சு இதுவரைக்கும் வரல. வந்தா மறைக்க மாட்டோம். உங்கிட்ட மறைச்சி இன்னா ஆச்சின்னு பாத்தோமே" என்றார். இதை நான் நம்பலாமா? நீ நம்புவாயா? உன் அண்ணன், செலியமேட்டு மாமாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்? தெரியவில்லை. என்னால் முடிந்ததெல்லாம், அவரை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். அதற்குமேல் எந்த உறவும் என் வாயில் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

அப்பா நாலு மாதத்துக்குப் பிறகு இடது காலைத் தரையில் வைத்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், வாக்கர் வேண்டாம் என்று அடம்பிடித்து. ஒரு கை என் தோளில். இன்னொரு கைக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது. மலர் அக்கா தள்ளித்தான் நின்றார், என்னைப் பார்த்துக்கொண்டு. அப்பாவும் கையைக் காற்றில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"அக்கா, அந்தப் பக்கம் புடிங்க. அப்பா வுழுந்துடப் போறாரு" என்றேன்.

ஏழு அடி நடந்தார் அம்மா. வளையங்கள் கிணுகிணுக்க, மூன்று பேரும் ஒரே வரிசையில், ஏழு அடி. நான் தரையைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத் தோளில் அப்பாவின் கை எவ்வளவு அழுத்துகிறது, இந்தப் பக்கம் எவ்வளவு என்றுதான் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி நடக்காததை நடந்ததாக எழுதமாட்டேன், கால் மில்லிமீட்டராக இருந்தாலும். சந்தேகம் வந்தால் ஒளிக்கமாட்டேன், கேட்பேன். பதில் பிடிக்காவிட்டாலும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்திருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஒரே மகள்,
இலக்கியா